வெறுங்கால் வெளிச்சம்

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கிட்ட. கடல்காற்று பாதிப் பேச்சைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும், அப்புறம் கித்தேரி செய்ததை நான் சொல்லாமல் விட்டேன் என்று என்மேல் பழி போடுவீர்கள். ஈச்சமுனையில் ஒரு விளக்குப் பலகை மனுஷர் உடம்பு உப்பைத் தின்று எரிந்த காலத்தையும், தின்றது போதாதென்று ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கேட்ட அந்த அந்தியையும், நடந்தது நடந்தபடி சொல்கிறேன்.

ஊருக்கு வடக்கே ஆறு கடலில் விழுகிற இடத்தைப் பொழிமுகம் என்போம். எங்கள் வள்ளங்கள் போவதும் வருவதும் அந்த வாய் வழியாகத்தான். அந்த வாயில் ஒரு மணல்திட்டு உண்டு. அது ஓரிடத்தில் அடங்கிக் கிடக்காது. ஒரு மழைக்கு வடக்கே நகரும், ஒரு காற்றுக்குத் தெற்கே புரளும், போகிறபோது இல்லாதது வருகிறபோது குறுக்கே படுத்திருக்கும். கையில் வைத்திருக்கிற ஜி.பி.எஸ். பெட்டி கரையைக் காட்டும், கோயிலைக் காட்டும், திட்டைக் காட்டாது. திட்டைக் காட்டியதெல்லாம் கரையில் நின்ற உயரக் கம்பத்து விளக்குத்தான். அந்த வெளிச்சம் பட்டால் திட்டின்மேல் உடைகிற நுரை வெள்ளையாகத் தெரியும், நுரைக்குத் தள்ளி ஓட்டினவன் வீட்டுக்கு வந்து சோறு தின்பான். ஒரு புயலில் அந்த விளக்கு விழுந்தது. புதுசு வருகிறது, இந்தா வருகிறது என்று சொல்லிச் சொல்லியே ஒரு மழைக்காலம் போனது, இரண்டு வள்ளங்களும் போயின.

அப்போதுதான் தொபியாஸ் அந்தப் பலகையைக் கொண்டுவந்தான். தொபியாஸ் எங்கள் ஊர் மைக்செட்காரன். திருவிழாவுக்குப் பாட்டுப் போடுவதும் அவன்தான், சாவுக்குச் சோகப்பாட்டுப் போடுவதும் அவன்தான். டவுனில் ஒரு காயலான் கடையில், இடித்துப் போட்ட துணிக்கடைச் சாமான்களுக்கு நடுவில், கதவு அகலத்துக்கு ஒரு எல்.இ.டி. பலகை கிடந்ததாம். முகம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரிப் பொட்டுப் பொட்டாய்ப் பல்பு. பின்னால் சிவப்பு வயர் ஒன்று, கருப்பு ஒன்று, பச்சை ஒன்று, மூன்றும் வெட்டுப்பட்ட வால் மாதிரித் தொங்கின. இது எத்தனை கரண்டு குடிக்கும் என்று எழுதி ஒட்டியிருந்த சீட்டு வெயிலில் வெளுத்துப்போயிருந்தது.

கோயில் மைதானத்தில் அதைக் கிடத்திவைத்து ஊரே சுற்றி நின்றது. ஊர்க்கமிட்டித் தலைவர் தஸ்நேவிஸ், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "நேரா லைன்ல குடுத்துப் பாரேம்லே" என்றார்.

"குடுக்கலாம் தலைவரே" என்றான் தொபியாஸ். "கண்ணு சிமிட்டுத நேரம் வெளிச்சம் வரும். அடுத்த சிமிட்டுக்குப் பலகையும் இருக்காது, நானும் இருக்க மாட்டேன். இதுக்குன்னு ஒரு பொட்டி உண்டும். வார கரண்ட அடக்கி அளந்து ஊட்டுத பொட்டி. அதக் கடைக்காரன் தொலச்சிட்டான்."

"பொட்டி இல்லாம வாங்கிட்டு வந்தியோ? மாப்பிள்ள இல்லாமத் தாலி வாங்குன கதையால்ல இருக்கு!" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, அது கித்தேரி. மாவு மில் வைத்திருப்பவள். மில் ஓடுகிற சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி அவள் குரல் அப்படியே நின்றுவிட்டது. ஊரில் தன்னைவிடக் கெட்டிக்காரி இல்லை என்று அவளே சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள், அதனால் அவள் கெட்டிக்காரிதான் என்பதை ஒப்புக்கொள்ள யாருக்கும் மனசு வராது.

தொபியாஸ் வள்ளத்து பேட்டரி ஒன்றைக் கொண்டுவந்தான். சிவப்பைச் சிவப்போடும் கருப்பைக் கருப்போடும் வைத்தான். நடுவில் ஒரு குண்டு பல்பையும் கோத்துவிட்டான். உள்ளே எங்காவது ஒட்டிக் கிடந்தால் கரண்டு பாய்ந்து பலகையைச் சுடாது, அந்தப் பல்பு தாங்கிக்கொள்ளும் என்றான். பலகை எரியவில்லை. இன்னொரு பேட்டரியைச் சேர்த்தான். எரியவில்லை. இன்னொன்று. பொட்டுகளில் குருட்டு மின்மினி மாதிரி ஏதோ அசைந்தது, கூட்டம் ஓரடி பின்னால் போனது. இன்னும் ஒன்று சேர்த்ததும் பலகை மெல்லக் கண்ணைத் திறந்தது. தொபியாஸ் உடனே கைதட்டவில்லை. பலகையின் முதுகில், காய்ச்சல்காரன் நெற்றியில் வைக்கிற மாதிரி உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சூடு ஏறினால் நிறுத்தினான், ஆறினால் மறுபடி தொடங்கினான். பழைய ஐஸ்பெட்டியின் அலுமினியத் தகட்டை முதுகோடு சேர்த்து முறுக்கினான். இத்தனை பதவிசாய் ஒரு வேலை எங்கள் ஊரில் நடந்து நாங்கள் பார்த்ததில்லை.

தப்பு நடந்தது அதற்கு அப்புறம். பலகையைக் கம்பத்தில் ஏற்றியானது. கம்பம் இரும்பு, காற்று உப்புக்காற்று, எர்த்து போடாமல் விட்டால் தொட்டவன் ஒட்டிக்கொள்வான் என்று தொபியாஸ் கம்பத்தடியில் குழி தோண்டினான். எர்த்துக் குழிக்குக் கரியும் உப்பும் கொட்டவேண்டும், அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். கரி டீக்கடையில் கிடைத்தது. உப்புக்குக் கடைவரை போவானேன், கருவாட்டுத் தொட்டிக்கடியில்தான் மூட்டை மூட்டையாய்ப் பழைய உப்புக் கிடக்கிறதே என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் தலையாட்டினோம். மீன் ரத்தம் ஊறிச் செம்மண் நிறத்தில் கிடந்த உப்பு அது. அதைத்தான் கொட்டினோம். பச்சை வயரை அதில்தான் புதைத்தோம்.

மறுநாள் சாயங்காலம் பேட்டரிகளைச் சார்ஜ் போடக் கழற்றிக்கொண்டு போனான் தொபியாஸ். பலகை எரிந்துகொண்டே இருந்தது.

யாரும் அலறவில்லை. நாலைந்து பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். சிவப்பும் கருப்பும் எதையும் தொடாமல் காற்றில் ஆட, பச்சை மட்டும் மண்ணுக்குள் போயிருக்க, பலகை முன்னைவிட நன்றாய் எரிந்தது. "பேட்டரிச் செலவு மிச்சம்" என்றார் தஸ்நேவிஸ். கோயில் பங்குச்சாமியார் வந்து பார்த்து, நல்லதற்குத்தான் எரிகிறது என்று சொல்லிவிட்டுப் பூசைக்குப் போனார். அன்றைக்கு எல்லா வள்ளமும் நுரைக்குத் தள்ளி ஓட்டி வந்து சேர்ந்தன.

உப்புப் போனதை முதலில் கண்டுபிடித்தவர்கள் மாமியார்கள். மீன்குழம்பில் உப்பில்லை என்றார்கள், மருமகள்கள் அள்ளிப் போட்டார்கள், போட்டும் இல்லை. கண்ணில் வடிந்த நீர் உதட்டில் பட்டால் ஆற்றுத் தண்ணீர் மாதிரி இருந்தது. வியர்வை வேட்டியில் வெள்ளைக்கோடு போடவில்லை. கருவாடு நாறிப்போயிற்று. வலை இழுக்கிறவர்கள் கெண்டைக்கால் நரம்பு முறுக்கி நடுக்கடலில் கத்தினார்கள். பலகை எரிகிற நேரத்தில் யார் வெறுங்காலோடு எங்கள் மண்ணில் நிற்கிறார்களோ அவர்கள் உடம்பு உப்பை அது கால்வழியே இழுத்துக்கொள்கிறது என்பது எல்லோருக்கும் மெல்ல மெல்ல விளங்கியது. ரத்தம் ஊறின உப்பை முதல் வாய் தின்ற ஜென்மம், வேறே உப்பை எப்படித் தின்னும்? உப்பளத்திலிருந்து வண்டி வண்டியாய் வெள்ளை உப்புக் கொண்டுவந்து குழியில் கொட்டிப் பார்த்தோம், அழுக்குத் திரி மாதிரி மினுக்கிவிட்டு அணைந்தது. பச்சை வயரைக் கடலுக்குள் விட்டுப் பார்த்தோம், பலகை வெடிக்கிற மாதிரி எரிந்தது, ஆனால் நனைந்த உடம்போடு வள்ளத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வாந்தியெடுத்துச் சுருண்டுபோய் வந்தார்கள். வயரை மறுபடி கரைக்குழியிலேயே புதைத்தோம்.

அணைத்துவிடலாமே என்று கேட்பீர்கள். அணைத்தால் திட்டு இருக்கிறதே.

அப்படியே பழகிக்கொண்டோம். மனுஷன் எதற்குத்தான் பழகமாட்டான்? ரப்பர் செருப்புப் போட்டால் உப்புப் போகாது என்று தெரிந்ததும் ஈச்சமுனை முழுக்கச் செருப்பில் ஏறியது. அடுப்படியில் செருப்பு, கிணற்றடியில் செருப்பு. கோயிலுக்குள் செருப்போடு வரலாம் என்று சாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு அனுமதி கொடுத்தார். கட்டில் கால்களுக்கு லாரி டயரை வெட்டி வைத்தோம். ஆட்டுக்குட்டிகளுக்குச் சைக்கிள் டியூபில் காலுறை தைத்துப் போட்டார்கள், அவை வழுக்கி வழுக்கி விழுவதைப் பார்த்துச் சிரித்தோம். கல்யாணத்தில் பொண்ணுக்குத் தங்கக்கொலுசு போடுகிற வீடுகூட, செருப்பு எந்தக் கம்பெனி என்று கேட்டுச் சண்டை போட்டது.

ஆனால் எல்லோரும் செருப்பில் ஏறினால் பலகைக்கு யார் ஊட்டுவது? முதலில் அந்தி நேரத்தில் ஊரே கொஞ்ச நேரம் வெறுங்காலோடு நிற்பது என்று பேசினோம். ஆளுக்கு ஒரு சிட்டிகை போகும், ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. நின்றோம். அடுத்த நாள் நாலு வீடு வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தவர்களில் சிலர் உள்ளங்காலில் டியூப் துண்டை ஒட்டிக்கொண்டு வந்தார்கள். அதைக் கண்டுபிடித்து ஒருத்தரை ஒருத்தர் துடுப்பால் அடித்துக்கொண்டார்கள். கடைசியில் கமிட்டி கூடி ஒரு சட்டம் போட்டது: யார் வீட்டு வள்ளம் கடலில் இருக்கிறதோ அந்த வீட்டார் கம்பத்தடியில் நிற்கவேண்டும், மற்றவர்கள் நிற்கவேண்டியதில்லை.

நியாயம் மாதிரித்தான் இருந்தது. சூசை நிற்கிறவரைக்கும். சூசைக்கு மகன்கள் இரண்டு பேரும் ஒரே வள்ளம், வீட்டில் அவர் ஒருத்தர்தான். மற்ற வள்ளமெல்லாம் வந்து சேர்ந்து, அந்த வீட்டாரெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டு போன பிறகு, மகன்களுக்காக அவர் தனியாய் நின்றார். பையன்கள் வந்தார்கள். ஆனால் சூசைக்கு அவர்களை அடையாளம் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, இது யார் வீடு, உள்ளே வரலாமா என்று கேட்பார். அவரைப் பார்த்தபின் நாங்கள் செருப்பை இன்னும் இறுக்கி மாட்டினோமே தவிர, சட்டத்தை மாற்றவில்லை.

இனி அந்த அந்திக்கு வருகிறேன்.

காலையிலிருந்தே வானம் ஈயச்சட்டி நிறத்தில் கவிழ்ந்து கிடந்தது. புயல் கொடி ஏற்றிவிட்டார்கள், போகாதே என்று சொல்வதற்குள் போன வள்ளங்கள் மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொன்றாய்த் திரும்பின. பொழுது இறங்குகிற நேரத்தில் ஒரே ஒரு வள்ளம் பாக்கி. அது இஞ்ஞாசியின் வள்ளம். இஞ்ஞாசி கித்தேரியின் தம்பி. அவனோடு இன்னும் மூன்று கூலியாட்கள், மூன்று பேரும் வெளியூர், அவர்களுக்காக நிற்க இங்கே ஆளில்லை. இஞ்ஞாசி வீட்டில் இருந்தது அவன் பெண்டாட்டி பிரகாசி மட்டும். நிறைமாசம்.

அவள் கம்பத்தடிக்கு வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு, வயிற்றைத் தாங்கிக்கொண்டு நின்றாள். கித்தேரி மில்லை அப்படியே ஓடவிட்டு மாவு முகத்தோடு ஓடி வந்தாள்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா? செருப்பப் போடு. நான் நிக்கேன்."

"நீங்க வேற வீடு மைனி. ஒங்களுக்கு முறையில்ல."

"என் தம்பிக்கு நிக்க எனக்கு எவன்டீ முற சொல்லுதது?" என்று கித்தேரியும் செருப்பை உதறினாள்.

பலகை மினுக்கியது. இரண்டு பெண்களின் உப்பு அதற்கு எம்மாத்திரம்! மழை சரம் சரமாய் இறங்கியது, அந்த வெளிச்சம் மழையைத் தாண்டவில்லை. திட்டு இருக்கிற இடம் கருப்பாய்க் கிடந்தது.

நாங்கள் எல்லோரும் ஐஸ் கொட்டகைக்குக் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தோம், செருப்புக் காலோடு. கித்தேரி எங்களைப் பார்த்துத் திரும்பினாள். "என்ன வேடிக்க? சப்பரமா வருது? ஒரு அரமணி நேரம் வந்து நின்னா ஒங்க உப்புக் கரஞ்சா போவும்?"

ஒருத்தர் காலை ஒருத்தர் பார்த்தோம். தஸ்நேவிஸ்தான் முன்னால் வந்தார்.

"இங்க பாரு கித்தேரி, எனக்கும் வயிறு எரியுது. ஆனா இன்னிக்கு ஒனக்கு நின்னா நாளைக்கு எல்லாருக்கும் நிக்கணும். பெறவு எவன் நின்னான் எவன் நிக்கலன்னு துடுப்பத் தூக்குவானுவ. ஒரு சாவு விழும். அதுக்குத்தான சட்டம் போட்டது?"

"இங்க அஞ்சு சாவு விழப் போவுதே தலைவரே! கடல்ல நாலு, கரையில ஒண்ணு. வயித்துல உள்ளதச் சேத்தா ஆறு. ஒம்ம சட்டம் எத்தனைக்கு மேல கணக்கெடுக்கும்?"

தஸ்நேவிஸ் கொட்டகைக்குள் போய்விட்டார். அவரும் கெட்டவர் இல்லை. மூன்று முறை அவர் வீட்டு வள்ளத்துக்கு அவரே தனியாய் நின்றிருக்கிறார், ஒரு பக்கக் கண் அதில்தான் மங்கிப் போனது.

கொஞ்ச நேரத்தில் பிரகாசியின் முழங்கால் ஆடத் தொடங்கியது. உதடு வெளுத்தது. கெண்டைக்கால் முறுக்கிக்கொள்ள, கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். கித்தேரி தன் நாக்கே மணலாய் ஒட்டிக்கொண்டு வருவதைத் தெரிந்துகொண்டாள். மடியில் முடிந்து வைத்திருந்த உப்பை எடுத்துப் பிரகாசி வாயில் போட்டாள், அது நாக்கில் பட்டதுமே சப்பென்று ஆனது.

"பிள்ள அசையுதாட்டி?"

"அசையுதும்மா" என்றாள் பிரகாசி.

கித்தேரி அவள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். இதுநாள்வரை பிரகாசி அவளை மைனி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"நான் யாருன்னு சொல்லு பாப்போம்."

பிரகாசி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். மழைநீர் வழிகிற அந்த முகத்தில் எதையோ தேடினாள். "தெரிஞ்ச முகந்தான்" என்றாள்.

அப்போது கடலுக்குள்ளிருந்து சங்குச் சத்தம் கேட்டது. இஞ்ஞாசிதான். வழி தெரியவில்லை, வெளிச்சம் காட்டுங்கள் என்று ஊதுகிறான். சத்தம் வந்த திசையைக் கேட்டவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்தது, அவன் நேரே திட்டைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறான்.

கித்தேரி கம்பத்தடியை விட்டு ஓடினாள். தம்பி பெண்டாட்டியை விட்டுவிட்டு ஓடுகிறாளே என்று கொட்டகையில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. அவள் ஓடியது தொபியாஸிடம். கொட்டகைக்குப் பின்னால் ஒட்டி நின்றவனின் சட்டையைப் பிடித்து இழுத்து, காதில் என்னமோ சொன்னாள். தொபியாஸ் தலையை ஆட்டினான், மாட்டேன் என்கிற மாதிரி. அவள் மறுபடி சொன்னாள். அவன் சட்டையைக் கழற்றிவிட்டு, கரையில் கிடந்த பெரிய வடத்தின் ஒரு முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனதை அந்த நேரத்தில் யாரும் கவனிக்கவில்லை.

எங்கள் ஊரில் ஒரு கூவல் உண்டு. வள்ளம் திட்டில் ஏறிவிட்டால், கயிறு கட்டியாகிவிட்டது, இழுக்க ஆள் வேண்டும் என்பதற்கான கூவல். அதைக் கேட்டால் சோறு தின்கிறவன் இலையில் கையை உதறிவிட்டு வருவான், பிணத்துக்குப் பக்கத்தில் அழுதுகொண்டிருப்பவள் பிணத்தை விட்டுவிட்டு வருவாள். பகையாளி வள்ளம் என்று பார்ப்பதில்லை, எந்த வீடு என்று கேட்பதில்லை. எந்தக் கமிட்டியும் போட்ட சட்டமில்லை அது, கடலில் மரம் மிதக்கவிட்ட நாளிலிருந்து இருப்பது. அதனாலேயே பொய்யாய் அதைக் கூவினவனை ஊர் வைத்திருக்காது. அவன் வீட்டுக்கு யாரும் தண்ணீர் கொடுக்கமாட்டார்கள், அவன் வள்ளம் பொழிமுகத்தில் நுழையக்கூடாது. தெற்குக்கோடியில் கூரையில்லாமல் நிற்கிற சுவர்கள் அப்படி ஒருத்தனுடையவை.

கித்தேரி மழைக்குள் நின்று, மாவு மில்லின் சத்தத்தை ஜெயித்த அந்தக் குரலில் கூவினாள்.

"கயிறே... ஏ... கயிறு! திட்டுல ஏறிட்டான்! கயிறே... ஏ... கயிறு!"

கொட்டகை காலியானது. யோசித்துப் பார்த்து வந்ததில்லை, காது கேட்டது, உடம்பு ஓடியது. தஸ்நேவிஸ்தான் முதல் ஆள். மணலில் வடம் கிடந்தது, ஒரு முனை கரையில், மறுமுனை மழைக்குள் போய் மறைந்து, தொட்டுப் பார்த்தால் விறைப்பாய் இருந்தது. ஆளாளுக்குப் பிடித்தோம். ஈரமணலில் வடம் இழுக்கச் செருப்புக்காலோடு முடியுமா? முதல் இழுப்பிலேயே வழுக்கினது. செருப்புகள் பறந்தன. குதிகாலை மணலில் குழி பறித்து ஊன்றி, வடத்தைத் தோளில் போட்டு, ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் சாமியாரும் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு, "இழு... போடு! இழு... போடு!" என்று இழுத்தோம். சூசையும் வந்திருந்தார். மகன்களை மறந்தவருக்கு வடம் மறக்கவில்லை, எனக்கு முன்னால் நின்று என்னைவிட நன்றாய் இழுத்தார்.

எங்களுக்குப் பின்னால் பலகை எரிந்தது. எப்படி எரிந்தது! மழையின் ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாய்த் தெரிந்தது. எங்கள் நிழல்கள் நீண்டு கடலுக்குள் போய் விழுந்தன. தொபியாஸ் வெகுநாள் முன்பு சொன்ன பெட்டி, அடக்கி அளந்து ஊட்டுகிற பெட்டி, வரிசையாய்க் குனிந்து நிற்கிற எங்கள் முதுகுகள்தான் என்பது அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு நாக்கு கொஞ்சம் சப்பென்று ஆனது, அவ்வளவுதான். ஒரு நாள் வெயிலில் நின்றால் போகிற உப்புக்கூட இல்லை.

கித்தேரி இதற்குள் பிரகாசியைத் தூக்கி, எங்கள் செருப்புகளைக் குவித்து அதன்மேல் உட்காரவைத்திருந்தாள். பிறகு அவளும் வந்து வடத்தின் கடைசியில் பிடித்தாள்.

இழுத்தோம். வடம் ஒரு விரல் நகரவில்லை. திட்டு கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டது என்று நினைத்தோம். இஞ்ஞாசியைக் கூப்பிட்டோம், மாதாவைக் கூப்பிட்டோம், இழுத்தோம். உள்ளங்கை தோலுரிந்தது.

"ஏ, அங்க பாருங்க!" என்றது ஒரு பெண்குரல்.

வடம் போகிற பக்கம் தெற்கு. அவள் கைகாட்டியது வடக்கு. பொழிமுகத்தில், வெள்ளையாய்த் தெரிந்த நுரைக்கு நன்றாய்த் தள்ளி, ஒரு வள்ளம் தலையாட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துகொண்டிருந்தது. முன்னால் நின்று கையை வீசினது இஞ்ஞாசி. நாங்கள் இழுப்பதை நிறுத்தவில்லை. கை பழக்கத்தில் இழுத்துக்கொண்டே, இஞ்ஞாசியின் வள்ளத்தைக் கடக்கவிட்டு, கண்ணால் பின்தொடர்ந்தோம். அது ஆற்றுக்குள் போய் நங்கூரம் போட்டது. நாங்கள் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தோம்.

தஸ்நேவிஸ்தான் கேட்டார், வடத்தைத் தோளிலிருந்து இறக்காமலே: "அப்ப நாம எதலே இழுத்துக்கிட்டிருக்கோம்?"

தண்ணீருக்குள்ளிருந்து தொபியாஸ் தலையைத் தூக்கினான். எப்போதோ முங்கிப்போன ஒரு விசைப்படகின் இரும்பு முதுகு அங்கே உண்டு, கடல் உள்வாங்குகிற வற்றத்தில் தெரியும். வடத்தை அதில்தான் கட்டிவிட்டு, பல் கிட்டிக்க, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான்.

இஞ்ஞாசி ஓடிவந்து பிரகாசியின் முன்னால் மண்டிபோட்டான், அவள் அவன் முகத்தைக் கையால் தடவித் தடவிப் பார்த்துவிட்டு, "ஏன் இம்புட்டு நேரம்?" என்று திட்டினாள். பெயர் சொல்லித் திட்டினாள். அதைக் கேட்டபிறகுதான் கித்தேரி வடத்தை விட்டாள்.

தஸ்நேவிஸ் அவள் முன்னால் வந்து நின்றார். 

"பொய்க்கயிறு கூவினா என்னன்னு தெரியும்லா கித்தேரி?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தலைவரே, வெளிச்சத்துக்கு நில்லுங்கன்னேன், எந்த வீடுன்னு கேட்டிய. கயிறுன்னேன், ஒருத்தனும் கேக்கல. நான் என்ன செய்யட்டும்?"

தஸ்நேவிஸ் எங்களைப் பார்த்தார். நாங்கள் மணலில் புதைந்த எங்கள் வெறுங்கால்களைப் பார்த்தோம். யாரும் இன்னும் செருப்பைத் தேடிப் போகவில்லை, பலகை அதே பிரகாசத்தில் எரிந்துகொண்டிருந்தது.

"போ" என்றார் கடைசியில். "போயி மொதல்ல அந்தக் கயித்த அவுத்து விட்டுட்டு வா. ஊரு கூடிப் பெறவு பேசும்."

கித்தேரி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கடலில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு என்று தண்ணீர் ஏற ஏற, வடத்தைப் பிடித்தபடியே போனாள். அந்த வெளிச்சத்தில் அவள் செய்தது ஒவ்வொன்றும் எங்களுக்குக் கரையிலிருந்தே தெரிந்தது. இரும்பு முதுகில் ஏறினாள். தொபியாஸ் போட்ட முடிச்சு நாங்கள் இழுத்த இழுப்பில் ஒரு பக்கம் நெகிழ்ந்து கிடந்தது. அதில் கையை வைத்துக்கொண்டு ஒருமுறை திரும்பி, வரிசையாய் நின்ற எங்களைப் பார்த்தாள். பிறகு, நாளை அந்திக்கும் இந்த வடம் வேண்டுமே என்கிற மாதிரி, குனிந்து, வடத்தை இன்னொரு சுற்றுச் சுற்றி, அந்த முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு, காலால் உதைத்து இறுக்கிவிட்டு வந்தாள்.